வல்லிபுரம் அண்ணையின் வயலில் என் அரை ஏக்கர்

தர்மபுரம், ஆனி 19

இன்றைக்கு வெட்கம் கெட்ட பொய் ஒன்று சொன்னேன். எழுதி வைத்தாலாவது நித்திரை வருமா பார்ப்போம்.

குளத்தில் தண்ணீர் குறைவு. அதனால் இந்தக் கோடைச் சிறுபோகத்துக்கு வாய்க்காலின் தலைப்பக்க வயல்களை மட்டும் விதைப்பது, அவற்றை எல்லாரும் பங்கிட்டுக்கொள்வது என்று கமக்காரர் கூட்டத்தில் தீர்மானித்தோம். என் காணி வாய்க்காலின் கடைசியில், தண்ணீர் எட்டாத இடத்தில் இருக்கிறது. எனக்கு வல்லிபுரம் அண்ணையின் வயலில் அரை ஏக்கர் கிடைத்தது. அவர் முகம் சுளிக்காமல் வரம்பு காட்டிவிட்டார்.

நான் அதில் ஒரு கடகம் எருக்கூடப் போடவில்லை. ஒரு போகம் முடிய அவரிடமே திரும்பிப் போகிற மண்ணுக்கு நான் ஏன் போட வேண்டும்? மாட்டுப்பட்டியில் சேர்ந்த எருவையெல்லாம் வண்டிலில் ஏற்றிக்கொண்டு போய், காய்ந்து வெடித்துக் கிடக்கிற என் காணியில் கொட்டினேன். அவர் வயலில் பங்கெடுத்த மற்ற நாலு பேரும் எரு போடவில்லை. காலைவரை அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

காலையில் அவர் வரம்பில் நின்று, வெளிறி மஞ்சளாகிப்போன என் பயிரைப் பார்த்தார்.

“என்ன தம்பி, எரு போடேல்லையோ?”

“போட்டனான் அண்ணை. மழை கழுவிக்கொண்டு போட்டுது.”

அவர் ஒருதரம் வானத்தைப் பார்த்தார்.

“ஓம், நல்ல மழைதான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை பெய்திருந்தால் நான் ஏன் அவருடைய வயலில் நிற்கிறேன்?