ஒரே விரிசல்

மார்ச் 4
பழங்காசுக் கடை வைத்திருக்கும் அண்ணன் விற்ற ரோமானிய வெள்ளிக்காசு இன்று எங்கள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறியது. அசல்தான் என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டவள் நான். ஒரு பக்கம் பேரரசன் தலை. மறுபக்கம் ஒன்றையொன்று பற்றிய இரு கைகள், இடையில் தானியக் கதிர்கள். ஒற்றுமை இருந்தால் விளைச்சலும் இருக்கும் என்று பொருள். படைகள் இரண்டுபட்டு அடித்துக்கொண்ட காலத்தில்தான் இந்தக் கைகளைக் காசில் போட்டார்கள். விளக்க அட்டையில் அதை எழுதினால் இயக்குநர் அந்த வரியை அடித்துவிடுவார்.

மார்ச் 19
பள்ளி ஆசிரியர் ஒருவர் தன்னிடமிருந்த காசைக் காட்ட வந்தார். அதே கைகள். விளிம்பில் மயிரிழை விரிசல் – எங்கள் காசிலும் அதே இடத்தில், அதே வளைவில்.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு காசையும் சுத்தியலால் தனித்தனியாக அடித்தார்கள். இரண்டு காசுகள் ஒரே மாதிரி வெடிக்காது. இவை ஒரே அச்சில் உருக்கி ஊற்றிய போலிகள்.

"எங்க வாங்கினீங்க?"

அண்ணன் கடையில்தான்.

நான் கைகளைப் பார்த்து மயங்கியிருக்கிறேன், விளிம்பைப் பார்க்கவே இல்லை. இருபது வருட அனுபவமாம். அண்ணன் கொண்டுவந்தது என்றதும் லென்ஸைச் சீக்கிரம் கீழே வைத்துவிட்டேன்.

மார்ச் 20
"போலின்னு தெரிஞ்சேதான் கொடுத்தியா?" என்று கேட்டேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "உன் கண்ணுலயே தப்பிச்சிடுச்சுன்னா வேற யாரு கண்டுபிடிக்கப் போறாங்க?" என்றான்.

கூடப் பிறந்தவ தலையிலேயே மிளகாய் அரைச்சிட்டான். அழுகைகூட வரல.

மார்ச் 21
சொல்லவா? சொன்னால் அவனும் மாட்டுவான், நானும் மாட்டுவேன்.

மார்ச் 25
சான்றைத் திரும்பப் பெறும் கடிதத்தை இயக்குநரிடம் கொடுத்தேன். "விட்டுத் தள்ளுங்கம்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

"எனக்குத் தெரியுதே சார்."

ஏப்ரல் 9
விசாரணை முடிந்தது. 'தங்கை அசல் என்றாள், நம்பி விற்றேன்' என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறான். முதல் பாதி உண்மை. இனி என் கையெழுத்து எந்தக் காசுக்கும் செல்லாது. என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஏப்ரல் 13
அம்மா போனில்: "நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா ரெண்டு பேரும் நல்லா இருந்திருப்பீங்க."

அம்மாவுக்கும் நான்தான் கெட்டவளா?

ஜூன் 2
கடைத்தெருவில் போகும்போது அண்ணன் கடைக்குள் கண் போனது. யாருக்கோ வெள்ளிக்காசுகளைத் தட்டில் பரப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கைக்குட்டையை எடுத்துத் தட்டின் மேல் போட்டான்.

அலுவலகத்தில் என் கண்ணை இப்போது யாரும் நம்புவதில்லை. அவன் மட்டும் இன்னும் நம்புகிறான்.

உள்ளே போனேன். "கைக்குட்டையை எடுண்ணா," என்றேன். "நான் பார்க்கணும்."