பிள்ளைத்தாச்சி மீனை நகர்த்தக் கூடாது

என் பிரியமுள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான், என் மகன், அப்புறம் தொட்டியில் இருக்கும் உன் ஜனங்கள். நீ எப்படி இருக்கிறாய்? புது ஊர்த் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? வேலை முடிந்து வந்து சமைக்கிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுத்துவிடுகிறாயா? உன்னை எனக்குத் தெரியும். தனியாக இருந்தால் அடுப்பைத் திரும்பிப் பார்க்க மாட்டாய்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்த வீட்டு நம்பரைப் பார்த்தாலே உனக்கு எடுக்கத் தோன்றாது என்று எனக்குப் புரிகிறது. இங்கிருந்து போன முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாய். என் மகனுடைய மறு கல்யாணப் பேச்சு காதில் விழுந்ததும் நிறுத்திவிட்டாய். போனிலேயே எழுதி அனுப்பலாம் என்றால், என் விரல் ஒன்றைத் தொட்டால் அது வேறொன்றை எழுதுகிறது. தையல்காரி விரல், ஊசி பிடிக்கத்தான் லாயக்கு. நீ எனக்கு அனுப்பிய மூக்குக்கண்ணாடிப் பெட்டியில் நீ வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை விலாசம் இருக்கிறது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கண்ணாடி அருமையாக இருக்கிறது. இப்போது ஊசியில் நூல் ஒரே தடவையில் போகிறது.

பள்ளிச் சீருடைத் தையல் தலைக்கு மேல் கிடக்கிறது. இந்த வருஷமும் பையன்களுக்குக் கால் மட்டும்தான் வளர்ந்திருக்கிறது. எல்லார் கால்சட்டையையும் பிரித்து இறக்கித் தருகிறேன். முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அது என்னை விட்டு எங்கே போகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ அவனுக்கு அனுப்பிய செய்தியை என்னிடம் காட்டினான். மீனையெல்லாம் கடைக்காரரிடம் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாய். உன் பொருள், நீ சொன்னால் செய்யத்தான் வேண்டும். மறுநாளே வண்ண மீன் கடைக்குப் போனேன். மீனைக் கையில் எடுத்துப் போகவில்லை, சும்மா கேட்டு வரத்தான் போனேன். கடைக்காரர் தங்கமான மனுஷன், உன்னையும் விசாரித்தார். கப்பி மீனா, தாராளமா கொண்டாங்கம்மா, பெரிய மீனுக்குத் தீனிக்கு ஆகும் என்றார். நான் காதில் சரியாக விழவில்லையோ என்று நின்றேன். அவர் பக்கத்துத் தொட்டியைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுத்த மீன், வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஜாதி கலந்த கப்பியை இப்போது யாரும் விலைக்குக் கேட்பதில்லையாம். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை, அது அவர் பிழைப்பு. ஆனால் நாமாக வளர்த்ததை அந்த வாய்க்குள் போட எனக்கு மனசு வரவில்லை. வீட்டில் மீன் குட்டிகளுக்குப் போடும் முட்டைத் தூள் தீர்ந்துபோயிருந்தது, அதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், சிரிக்காதே. சரி, சிரித்தாலும் பரவாயில்லை. அந்தத் தொட்டியை எடுத்துவிடலாம் என்று இவன் சொல்ல ஆரம்பித்துப் பல மாதம் ஆகிறது. புதிதாக வருகிறவள் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். என் பழைய தையல் மெஷின் மேஜையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், நீ எங்கே வைத்தாயோ அங்கேயே இருக்கிறது. அவளுக்குச் சங்கடமாக இருக்காதா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். அப்போது பார்த்துப் பெரியம்மா கண்ணாடி ஓரமாக வந்து நின்றாள். (அந்தப் பெரிய சாம்பல் நிறத்துக்காரிக்கு நீ வைத்த பேர்தான், மாற்றவில்லை.) வயிறு பெட்டி மாதிரி சதுரமாகி, வாலுக்கு முன்னால் அந்தக் கறுப்புப் புள்ளி பெரிதாகத் தெரிந்தது. என் வாயில் தானாக வந்துவிட்டது: பிள்ளைத்தாச்சியாக இருக்கிறாள், இப்போது நகர்த்தினால் அதிர்ச்சியில் குறைப்பிரசவம் ஆகிவிடும், பெற்றுப் பிழைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

பொய் இல்லை, நீ சொல்லிக்கொடுத்ததுதான். என் மகனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். பெரியம்மா பெற்றாள். அதற்குள் அவள் மகள் சூலாகிவிட்டாள். மகள் பெற்று முடிப்பதற்குள் பெரியம்மா மறுபடி தயார். இந்தத் தொட்டியில் வயிறு காலியாக இருக்கிற பெண்ணை நான் இன்றுவரை கண்டதில்லை. அந்த மாப்பிள்ளைகளோ கலர் கலராக வாலை விரித்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுவதைத் தவிர ஒரு வேலையும் செய்வதில்லை. அவன் எப்போது தொட்டிப் பேச்சை எடுத்தாலும் நான் ஒருத்தியைக் கைகாட்டுவேன். இன்னுமா பெறலை என்பான். இது வேற ஆள் என்பேன். அதுவும் உண்மைதான்.

ஆனால் அவன் லிஃப்ட் மெக்கானிக் இல்லையா. ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வந்தால் மூலத்தைத் தேடாமல் விடுவானா. ஒரு விடுமுறை நாள் முழுக்கத் தொட்டி முன்னால் உட்கார்ந்து, வாலில் கலர் இருக்கிறவர்களை எல்லாம் ஒவ்வொருவராகப் பிடித்து, கழுவிய வாளியில் காற்றுக் குழாயோடு தனியாக விட்டான். இனி எப்படி ஆகுதுன்னு பார்க்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொன்னான். என் தந்திரம் அவனுக்கு எப்போதோ புரிந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எனக்கு அசடு வழிந்தது. குனிந்து மெஷினை மிதித்தேன்.

அடுத்து என்ன நடந்தது என்று நினைக்கிறாய்? ஒரு மாப்பிள்ளைகூட இல்லாத தொட்டியில் பெரியம்மா பெற்றாள். அதற்கப்புறம் மறுபடியும் பெற்றாள். இவன் தலையைச் சொறிந்துகொண்டு கடைக்காரரிடம் ஓடினான். இந்த ஜாதியில் பெண் மீன் ஆணோடு ஒரு தடவை சேர்ந்தால் போதும், வாங்கியதை வயிற்றிலேயே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு பல மாதத்துக்குத் தானாகவே பெற்றுக்கொண்டிருக்கும் என்று அவர் சொன்னாராம். வந்து சொன்னவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான் பார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். நீ போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அப்புறம் சிரிப்பு நின்றது. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டான். அதன் பிறகு கொஞ்ச நாள் தொட்டியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன ஆனது என்று நான் தையலைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்ததில்லை. இனியும் உட்கார மாட்டேன். ஒரே வீட்டில் சத்தமில்லாமல் இரண்டு பேரும் தள்ளித் தள்ளிப் போனதைப் பக்கத்து அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் மறைத்த மாதிரி ஆகும். படிக்கப் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடு. போன ஞாயிற்றுக்கிழமை அவளை வீட்டுக்கு அழைத்து வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். இவன் ஒருபக்கம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளாகத்தான் எழுந்து தொட்டிப் பக்கம் போனாள். இது யாருதுங்க, அழகா இருக்கே என்றாள். அம்மாவோடது என்று இவன் முந்திக்கொண்டான். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இல்லைம்மா, என் மருமகளோடது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எனக்கே தோன்றியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, திடீரென்று, ஐயோ இங்க பாருங்க, இதுக்கு என்னமோ ஆகுது என்று கத்தினாள். பெரியம்மா அடியில் ஒதுங்கிக் குட்டி போட ஆரம்பித்திருந்தாள். மீன்னா முட்டைதானே போடும் என்று அந்தப் பெண் திகைத்து நிற்கிறாள். பெற்ற தாயே திரும்பி ஒன்றை விழுங்கினாள். அதைப் பார்த்ததும் அவள், ஐயையோ திங்குதுங்க, திங்குதுங்க என்று குதித்தாள்.

அப்புறம் யாருக்கும் கூச்சமில்லை. நான் தேநீர் வடிகட்டியைக் கொண்டு ஓடினேன். இவன் சட்டைக் கையை மடித்தான். அவள் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணும் வாலும் மட்டும் தெரிகிற தூசி மாதிரிக் குட்டிகளைப் பாசிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்தோம். அதா, அங்க ஒண்ணு, வேருக்குப் பின்னாடி என்று அவள் காட்டக் காட்ட இவன் எடுத்தான். நீயும் அவனும் இப்படித்தான் நிற்பீர்கள். நீ காட்டுவாய், அவன் எடுப்பான். நீ நின்ற இடத்தில் அவள் நிற்பதைப் பார்த்தபோது நீ இல்லாதது எனக்கு உறைத்தது. அவள் நல்ல பெண் என்பதும் அதே நேரத்தில்தான் தெரிந்தது. தான் பெற்றதையே விழுங்குகிற மீனைக்கூட அவள் திட்டவில்லை, பாவம், பசி போலிருக்கு என்றாள். இரண்டும் ஒன்றாக வந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள்? கை பாட்டுக்கு வடிகட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் போன பிறகு யோசித்தேன். இத்தனை மாதமாக நான் காப்பாற்றியது மீனை இல்லை. அந்த மூலையை. அது இருக்கிறவரை நீ இந்த வீட்டை விட்டு முழுசாகப் போகவில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு. அந்தப் பெண் உள்ளே வருவதற்கு இடம் வேண்டும், அதை நான் அடைத்துக்கொண்டு நிற்கக் கூடாது. மூலையை விட்டுவிடுகிறேன். இவனிடமும் சொல்லிவிட்டேன். பிறகு வாளியில் இருந்தவர்களுக்கு அவனே தண்ணீர் மாற்றினான்.

ஆனால் மீனைக் கடைக்குக் கொடுக்க மாட்டேன். உன் பேச்சைத் தட்டுகிறேன் என்று வைத்துக்கொள். உன் மீனை உன்னிடமே கொண்டுவருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ். கடைக்காரர் பையில் காற்று அடைத்துக் கட்டித் தருகிறேன் என்றிருக்கிறார், சாயங்காலம்வரை தாங்குமாம். முதல் நாள் தீனி போடாமல் பட்டினி போட்டுக் கொண்டுவருவேன், அப்போதுதான் பைத் தண்ணீர் கெடாது. பெரியம்மா இப்போதுதான் பெற்று முடித்திருக்கிறாள், அவளைக் கொண்டுவர இதைவிட நல்ல நேரம் கிடையாது. பெரிய தொட்டி பஸ்ஸில் வராது. அகலமான ஒரு பாத்திரத்தில் முந்தின நாளே தண்ணீர் பிடித்துத் திறந்து வைத்துவிடு. பையை அப்படியே அதில் மிதக்க விட்டு, இரண்டு தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகு அவிழ்க்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகளில் கொஞ்சத்தை அந்தப் பெண் கேட்டாள். கேட்கக்கூடத் தயங்கித்தான் கேட்டாள். உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ சம்மதித்து இவனுக்கு ஒரு செய்தி அனுப்பினால் கொடுப்பேன், வேண்டாம் என்றால் ஒரு குட்டி விடாமல் பையில் போட்டுக் கொண்டுவந்துவிடுவேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது.

கண்ணு, நீ எனக்கு மருமகளாக வந்தாய், மகன் வழியாக வந்தாய் என்பதெல்லாம் சரி. அந்த வழி அடைபட்டுவிட்டது. காகிதத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பொத்தானுக்குக் காஜா எடுத்துக் கொடுத்தவளை, காய்ச்சலில் தலை பிடித்துவிட்டவளை, எந்தக் கையெழுத்தை வைத்து யாரோ என்று ஆக்குவது? அந்தப் பெண்ணும் என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள், கூப்பிடட்டும். இரண்டு பேர் கூப்பிட்டால் எனக்கு ஒன்றும் பாரமில்லை.

உன் அறைக்கு வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. யாரையும் உள்ளே விடப் பிடிக்காத நாட்கள் எனக்கும் இருந்திருக்கின்றன. பஸ் நிலையத்துக்கு வந்தால் போதும். பையை உன் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன். பேச வேண்டாம் என்றால் பேசவும் வேண்டாம். வேளா வேளைக்குச் சாப்பிடு. உன் கைராசிக்கு நீ தொட்டதெல்லாம் நன்றாக வரும், நீயும் நன்றாக இருப்பாய். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். பையை வாங்கியதும் போய்விடாதே. என் பஸ் கிளம்பும்வரை நில்.

என்றும் உன்,
அத்தை