ரெகினாவின் முழங்கால் உயரம்

போஸ்னான்,
19 பிப்ரவரி 2015

மதிப்பிற்குரிய ரெகினா அவர்களுக்கு,

வணக்கம். ஷ்செச்சினில் நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய வாழ்த்து அட்டையும், அதற்குள் வைத்திருந்த ஆசீர்வதித்த அப்பத் துண்டும் வந்து சேர்ந்தன. ஐம்பது வருடமாக வந்துகொண்டிருக்கின்றன. நான் ஒரு தடவைகூடப் பதில் எழுதியதில்லை. லுட்விக் எழுதட்டும் என்று விட்டுவிடுவேன். எழுதினாரா, எத்தனை வரி எழுதினார் என்று மட்டும் கவனிப்பேன். அவர் இறந்து நான் விதவையான பிறகும் ஆறு வருடமாக என் பெயருக்கே அனுப்புகிறீர்கள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வீட்டில் எல்லோரும் பிட்டுப் பங்கிட வேண்டிய அந்த அப்பத்தை எங்கள் பண்டிகை மேஜையில் வைத்ததே இல்லை. உறை வந்ததும் சமையலறையில் நின்றபடியே நான் ஒருத்தியாகத் தின்றுவிடுவேன். அதைக் குப்பையில் போடவும் மனம் வராது, அவரோடு சேர்ந்து சாப்பிடவும் மனம் வராது.

எனக்கு இடுப்பு வலி. அறுவை சிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன், முறை வர இரண்டு வருடம் ஆகுமாம். உங்களுக்கு அப்படியொன்றும் இருக்காது. குள்ளமானவர்களுக்கு மூட்டு அவ்வளவு சீக்கிரம் தேயாது. மருந்துக்கடையில் நாற்பது வருடம் நின்றவள் சொல்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் மால்வினா என்றொரு பெண் வீட்டுக்கு வந்தாள், முப்பது வயதிருக்கும். அவளும் அவள் கணவனும் அந்தக் காலத்து நாற்காலிகளை மறுபடி செய்து விற்கிறார்கள். லுட்விக் வடிவமைத்த 114-ஆம் எண் சாய்வு நாற்காலியைச் செய்ய வேண்டும் என்றாள். நாமெல்லாம் அலுத்துப்போய்க் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் தூக்கிவைத்த அதே நாற்காலிதான். இப்போது வார்சாவில் புதுவீடு வாங்குகிறவர்கள் அதைத் தேடி அலைகிறார்களாம். வாரிசு என்ற முறையில் என் கையெழுத்து வேண்டும். இருக்கைக்கு அடியில் சின்னப் பித்தளைத் தகட்டில் அவர் பெயர் வரும் என்றதும் நான் அழுதுவிட்டேன். உயிரோடு இருந்தபோது அவர் பெயரை எந்த நாற்காலியிலும் போட்டதில்லை, எண்ணை மட்டும்தான் அடித்தார்கள்.

மால்வினா கெட்டிக்காரி. வந்தவுடனே என் வீட்டில் மிச்சமிருக்கும் ஒற்றை நாற்காலியை அளவு நாடாவால் அளந்தாள். அந்தக் காலத்து உடல் அளவு அட்டவணைப்படி இருக்கை நாற்பத்து மூன்று சென்டிமீட்டர் உயரம் இருந்திருக்க வேண்டும், இது ஏன் முப்பத்தெட்டு என்று கேட்டாள். லுட்விக் எல்லோரிடமும் சொன்னதையே நானும் சொன்னேன்: சின்ன வீடு, தாழ்ந்த கூரை, அதனால் தாழ்ந்த நாற்காலி. மூல வரைபடம் இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் நிலவறைக்கு இறங்கி அந்தத் தகரக் குழாயைத் தூக்கி வந்தேன். இந்த இடுப்போடு.

ஏழு தாள்கள். மூன்றாவது தாளின் ஓரத்தில் அவர் பென்சிலால் எழுதியிருக்கிறார்: "ரெகினா. முழங்கால் 38, முழங்கை 20." தரையிலிருந்து முழங்கால் வரை, இருக்கையிலிருந்து முழங்கை வரை.

அந்த நாற்காலியை எத்தனை லட்சம் செய்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும். பள்ளி ஆசிரியர்கள், டிராம் ஓட்டுநர்கள், எங்கள் பாதிரியார், என் மாமியார் என்று நாடே உங்கள் முழங்கால் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு மீட்டர் எழுபத்தெட்டு. என் சொந்த வீட்டில், முழங்கால் முகவாயில் இடிக்க, இத்தனை வருடமும் உங்கள் அளவில் மடங்கிக் கிடந்திருக்கிறேன். 1974-இல் அவர் கிராக்கோவுக்குப் போயிருந்த சமயம் ஒரு தச்சரைக் கூப்பிட்டு நான்கு கால்களுக்கும் அடியில் கட்டை வைக்கச் சொன்னேன். திரும்பி வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதையே பார்த்தார். "இது இப்ப நாற்காலி இல்ல, ஸ்டூலு" என்றார். கட்டைகளைப் பிடுங்கிவிட்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அவருடைய கலைக் கர்வம் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு முட்டாள் நான்.

முதல் நாற்காலி வீட்டுக்கு வந்த வருடம், அவருடைய பெயர்ப் புனிதரின் திருநாள் விருந்துக்கு, அவரோடு பட்டறையில் வரைந்துகொண்டிருந்த நீங்களும் கசகசா கேக்கோடு வந்தீர்கள். நேராகப் போய் அதில் உட்கார்ந்தீர்கள். உங்கள் பாதம் இரண்டும் தரையில் பதிந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. லுட்விக் கையில் கண்ணாடிக் கோப்பையோடு நின்று பார்த்தார். அவர் பார்த்தது உங்களையில்லை, நாற்காலியைத்தான் என்று அன்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது முழங்காலுக்காக அல்ல. ஐந்தாவது தாளில் அவர் வரைந்த கைப்பிடியின் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு. பக்கத்தில் உங்கள் எழுத்து. ஐம்பது அட்டைகளில் பார்த்த எழுத்து, எனக்குத் தெரியாதா? "இந்தக் கை பொய். பிடிச்சா வழுக்கும். ரெண்டு விரல் உள்ளே தள்ளு." அதற்குக் கீழே அவர் எழுதியிருக்கிறார்: "சரி." ஆறாவது தாளில் சாய்வை மாற்றச் சொல்கிறீர்கள், மறுபடியும் "சரி". கடைசித் தாளின் மூலையில் இரண்டு பேருடைய பெயரெழுத்துகளும் இருக்கின்றன.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்க நான் நாற்பத்தொன்பது வருடம் காத்திருந்தேன், ரெகினா. சூப்பில் அவர் போட்ட உப்பு அதிகம் என்றால் எனக்கு நாக்கு கெட்டுவிட்டது என்பார். ரயில் நேரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டு, ரயில்தான் தவறு என்பார். உங்கள் இருவருக்குள்ளும் வேறு என்ன நடந்தது, நடக்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை. அதைக் கற்பனை செய்து செய்து பழகிவிட்டது, இப்போது பெரிதாகச் சுடுவதில்லை. இந்த "சரி"யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வயிறு எரிகிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. எரிகிறது.

அதனால் ஒரு காரியம் செய்தேன். மால்வினாவிடம் கடைசித் தாளை மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற ஆறையும் துணி அலமாரியில் போட்டுப் பூட்டினேன். மூலையில் இருந்த இரண்டாவது பெயரெழுத்து யாருடையது என்று கேட்டாள். பட்டறை முத்திரை என்றேன். அவள் நம்பிவிட்டாள். இந்தக் காலத்து மனிதர்கள் உயரம், இருக்கையை ஐந்து சென்டிமீட்டர் ஏற்றுங்கள் என்று நானே சொன்னேன். அதற்கும் ஒப்புக்கொண்டாள். அன்று கடைக்குப் போய் கேக் வாங்கித் தின்றேன்.

போன வாரம் மாதிரி நாற்காலி தயாராகி, என்னைப் பட்டறைக்கு அழைத்துப்போனாள். உட்கார்ந்தேன். முழங்கால் இடிக்கவில்லை, முதுகு நன்றாகச் சாய்ந்தது. எழுந்து தள்ளி நின்று பார்த்தபோதுதான் அது அசிங்கமாக இருப்பது தெரிந்தது. மால்வினாவே சொன்னாள்: "பஸ் ஸ்டாண்டு நாற்காலி மாதிரி ஆயிடுச்சும்மா. உசரத்தை ஏத்தினதும் கை செத்துப்போச்சு. நாலு தடவை மாத்திப் பாத்துட்டோம். எங்கேயோ ஒரு கணக்கு இருக்கு, எங்களுக்குப் பிடிபடல. வரைஞ்சவரு இருந்தா ஒரே கோடு போட்டு முடிச்சிருப்பாரு."

பழைய உயரத்திலேயே செய்தால் இப்போது வாங்க ஆளில்லையாம். மார்ச் கடைசிக்குள் கைப்பிடி சரியாகாவிட்டால் இதை விட்டுவிட்டு வேறொருவருடைய நாற்காலிக்குப் போய்விடுவார்கள். லுட்விக்கின் பெயர் எழுதிய அந்தத் தகடு அவள் மேஜையில் இருக்கிறது, விரலால் தடவிப் பார்த்தேன். அந்தக் கோட்டைப் போட்டவர் உயிரோடு ஷ்செச்சினில் இருக்கிறார் என்று சொல்ல இரண்டு முறை வாயைத் திறந்தேன். முதல் முறை தேநீர் கிடைக்குமா என்று கேட்டேன். இரண்டாம் முறை கழிப்பறை எங்கே என்று கேட்டேன். என் வாயில் உங்கள் பெயர் வரவில்லை.

ஆகவே ஆறு தாள்களையும் இத்துடன் அனுப்புகிறேன். நகல் எடுக்கவில்லை. நீங்கள் கிழித்துப்போட்டால் கேட்க ஆளில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் கிழித்திருப்பேன். மால்வினாவின் தொலைபேசி எண் இந்தக் கடிதத்தின் பின்புறம் இருக்கிறது. அவளைக் கூப்பிட்டு நீங்கள் யார் என்று சொல்லுங்கள். நான் சொன்னது பொய் என்றும் சொல்லுங்கள், பரவாயில்லை. தகட்டில் இரண்டு பெயரும் வரட்டும். அவர் பெயர் முதலில் வர வேண்டும், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கைப்பிடியைத் திருத்தும்போது அவர்கள் ஏதாவது அட்டவணையைக் காட்டுவார்கள், அதைப் பார்க்காதீர்கள். என் முழங்கால் 45, முழங்கை 24. இன்று காலையில் காலணி இல்லாமல் நானே அளந்தேன். லுட்விக் என்னை ஒருநாளும் அளந்ததில்லை.

கடவுள் உங்கள் கண்ணுக்குத் தெளிவையும் கைக்கு உறுதியையும் தரட்டும். இந்த ஒரு கோட்டை எனக்காகப் போடுங்கள், ரெகினா.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
கசிமிரா வொலான்ஸ்கா