நாமா, நாங்களா

ஊரிகம்
1904 செப்டம்பர்

அன்பு மகன் மாணிக்கராஜுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் நன்றாயிருக்கிறோம், அவருடைய இருமல்கூடக் குறைந்துவிட்டது. ரங்கூனில் நீயும் ஜெயசீலியும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் இங்கிலீஷ் கடிதம் வந்தது. பங்களாவில் ஆயா வேலை பார்த்து இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன் என்று நான் எழுதியதற்கு, எங்கே இதைப் படியுங்கள் பார்க்கலாம் என்று பரீட்சை வைத்திருக்கிறாய். படித்தேன். கணக்கர் சுந்தரராஜ், குடுங்கம்மா நான் படிச்சுச் சொல்றேன் என்று கையை நீட்டினார், உங்க வேலையைப் பாருங்க என்று சொல்லிவிட்டேன். எனக்கு வாத்தியார் கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது தி வாட்டர் இஸ் ஹாட் என்று துரைசானி சொன்னால் பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும், தி வாட்டர் வாஸ் ஹாட் என்று முறைத்தால் ஆறிப்போயிற்று, மறுபடி அடுப்பு மூட்ட வேண்டும். இஸ், வாஸ் எல்லாம் விரலைச் சுட்டுக்கொண்டு படித்ததுதான். இஃப் இட் ரெயின்ஸ் துணியை எடு என்றாள், மழையே இல்லாத நாளில் ஈரத்துணியைச் சுருட்டி உள்ளே வைத்துத் திட்டு வாங்கினேன். இஃப் என்றால் என்னவென்று இனி சாகும்வரை மறக்காது.

ஆனால் வீ என்கிற வார்த்தை என்னை ஏமாற்றிவிட்டது. போன மாதம் துரைசானி, வீ ஆர் கெட்டிங் எ டேப் என்றாள். நமக்குத் தண்ணீர்க் குழாய் வருகிறது, பங்களா சமையல்கட்டுக்குப் பின்னால் என்று நான் நம் லைன் வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டேன். குழாய் வைத்த அன்று பக்கத்து வீட்டு வெங்கடம்மா முன்னால் வர, பெண்கள் எல்லாரும் குடத்தோடு பங்களாவுக்குள் வந்து நின்றார்கள். துரைசானிக்கு முகம் சிவந்துபோயிற்று. அவளுக்கும் கொஞ்சம் தமிழ் வரும், குழாய் எங்களுக்கு என்றாள். நமக்கு என்பதற்கும் எங்களுக்கு என்பதற்கும் ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டால் அது உங்கள் பாஷையின் குற்றம், என் குற்றமில்லை என்று சொன்னேன். இன்னாடி, வேலைக்கு உலை வெச்சுக்கினியே என்று அப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் கழித்துத் துரைசானியே, காலையில் வெயில் ஏறும்வரை அவர்கள் பிடித்துக்கொள்ளட்டும் என்று தோட்டக்காரன் கோவிந்தனிடம் சொல்லிவிட்டாள். வீயக்கா வராங்க வழி விடுங்கடி என்று வெங்கடம்மா தினமும் கேலி செய்கிறாள். செய்யட்டும், குடம் நிறைகிறது.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். வீ ஹேவ் டேக்கன் எ பிக் ஹவுஸ், வீ ஷேல் லிவ் தேர் ஃப்ரம் கிறிஸ்மஸ். பெரிய வீடு எடுத்தாயிற்று, கிறிஸ்மஸிலிருந்து அங்கே குடியிருப்போம். எல்லாம் புரிந்தது, எந்த வீ என்பதுதான் புரியவில்லை. நாங்கள் என்றால் நீயும் ஜெயசீலியும். நாம் என்றால் அதில் நானும் அப்பாவும் இருக்கிறோம். அப்பா நாம்தான் என்று முடிவே செய்துவிட்டார். தகரப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கியாயிற்று, ஊரிகம் ரயில் ஸ்டேஷனில் போய், கப்பலேறிப் போகிற ரங்கூனுக்கு டிக்கெட் கேட்டு அங்கிருந்தவர்களைச் சிரிக்கவைத்துவிட்டும் வந்தார். நான் பெட்டியில் ஒரு துணியும் வைக்கவில்லை. தண்ணீருக்காக ஒருமுறை குடத்தோடு போய் நின்றாயிற்று, பெற்ற பிள்ளை வாசலில் அப்படி நிற்க மாட்டேன். நாங்கள் என்றாலும் எனக்கு மனவருத்தமில்லை, இங்கே வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, இப்போது குழாயும் இருக்கிறது. ஆனால் அதை நீ தமிழில் சொல்ல வேண்டும்.

ஜெயசீலியை வெயிலில் அலையவிடாதே. ஆண்டவர் உங்கள் இருவரையும் கண்ணின் மணிபோல் காப்பாராக. பதிலை இங்கிலீஷில் எழுதினால் படிக்க மாட்டேன். படிக்கத் தெரியும், ஆனாலும் படிக்க மாட்டேன்.

உன் அம்மா,
சாரா