ஆறாவது பவுல் உங்களுக்கு விளங்கவே இல்லையாம்

என் அன்பு அப்பாவுக்கு, நீங்கள் கூப்பிட்டால் மட்டும் இரண்டாம் தரம் கூப்பிட வைக்காத உங்கள் சின்னவள் எழுதுவது.

போன சனிக்கிழமை பின்னேரம் உங்கள் கதிரையில் போய் இருந்துவிட்டு வந்தேன். வீட்டில் உள்ளது அல்ல. ஹவுன்ஸ்லோவில் நாதியாவின் தேநீர்க் கடையில், பெரிய டிவிக்கு நேர் முன்னால் கிடக்கிறதே, அந்த நடுக் கதிரை. கோபிக்காதீர்கள். அங்கே நடந்ததைச் சொல்லவும் வேண்டும், உங்களிடம் ஒரு கேள்வி கேட்கவும் வேண்டும்.

இதை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள் என்பதால் அவர்களுக்கு இரண்டு வரி. என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஹீத்ரோ விமான நிலையத்தில் பயணப் பெட்டிகளை ஏற்றி இறக்கிக் காலம் கழித்து, பென்சன் எடுத்து, போன பனிக்காலம் மாரடைப்பில் போனவர். அரபு மொழியில் சலாம் சொல்லவும் தேநீர் கேட்கவும் மட்டும்தான் தெரியும். ஆனால் அரபு நாட்டு அணிகள் ஆடும் புட்சால் போட்டி தொடங்கினால் ஆளை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. மண்டபத்துக்குள்ளே, பக்கத்துக்கு ஐந்து பேராக, சின்னக் கோல் வைத்து ஆடும் உதைபந்தாட்டம்தான் புட்சால்.

"எங்கட நாடு ஆடாத போட்டி, எங்களுக்கு விளங்காத பாஷை. இதில என்னப்பா கிடக்கு?" என்று ஒருமுறை கேட்டேன். ஞாபகம் இருக்கிறதா? "அதுதான் பிள்ளை வசதி. ஆர் தோத்தாலும் நான் நிம்மதியா நித்திரை கொள்ளலாம்" என்றீர்கள். அதை அன்றைக்குப் பகிடி என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போதுதான் அது முழுப் பகிடியா, அரைப் பகிடியா என்று யோசிக்கிறேன்.

உங்கள் இரண்டு பக்கமும் இருப்பவர்களை எனக்கு முன்பே தெரியும். வலப்பக்கம் மொரோக்கோக்காரர் இத்ரீஸ், இடப்பக்கம் எகிப்துக்காரர் சப்ரி. மூன்று பேரும் ஒரே ஷிப்டில் பெட்டி தூக்கியவர்கள். சப்ரியின் அரபு இத்ரீசுக்கு விளங்கும், இத்ரீசின் அரபு சப்ரிக்கு விளங்காது என்று ஒருநாள் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தீர்கள். "எகிப்துப் படம் பாத்து உலகம் முழுக்க அவங்கட பேச்சு பழகிப்போச்சு. இத்ரீஸ் வாயைத் திறந்தால் சப்ரி முழிக்கிறான். இந்தியாக்காரருக்கு முன்னால நாங்கள் கதைச்ச மாதிரித்தான்." அன்றிலிருந்து நீங்கள் இத்ரீஸ் பக்கம் கொஞ்சம் சாய்ந்தீர்கள் என்பது என் சந்தேகம்.

போன கிழமை நாதியா தொலைபேசியில் அழைத்தா. எல்லோரும் ஆங்கிலத்தில்தான் கதைத்தார்கள். ஆனால் உங்களுக்கு ருசிக்க வேண்டும் என்று எங்கள் தமிழிலேயே போடுகிறேன். "சுபா, ரெண்டு பேரும் இப்ப கதைக்கிறேல்லை" என்றா. உங்களுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு கடை டிவியில் ஏதோ ஒரு ஆட்டம் ஓடியிருக்கிறது. நடுவரின் தீர்ப்பு ஒன்றுக்கு சப்ரி, "உங்கட ஆக்கள் விழுந்து நடிக்கிறதில கெட்டிக்காரர்" என்றிருக்கிறார். "நடிப்பு உங்கட ஊர்ச் சாமான், எங்களுக்கேன்?" என்றிருக்கிறார் இத்ரீஸ். பகிடியாகத் தொடங்கியது வார்த்தை தடித்து, பழைய வேலையிடத்துக் கோபமெல்லாம் வெளியே வந்து, கடைசியில் ஒருவர் ஜன்னலோரம், மற்றவர் கதவோரம்.

"சனிக்கிழமை மொரோக்கோவும் எகிப்தும் மோதுது. ரெண்டு பேரும் வருவினம். எனக்குப் பயமாக் கிடக்கு. கொப்பாவின்ரை கதிரையில ஆரும் இருக்கிறதில்லை. நீ வந்து இரன்."

"எனக்கு உந்த விளையாட்டில ஒண்டும் தெரியாதே, நாதியா."

"கொப்பாவுக்கு மட்டும் தெரிஞ்சதோ?" என்றா நாதியா.

அந்தப் பதில் எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் போனேன். ஏன் என்று உங்களிடம் மறைப்பானேன்? ஹீத்ரோவில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், யாரோடு சண்டை பிடித்தீர்கள், சாப்பாட்டு நேரத்தில் என்ன பாட்டுப் பாடினீர்கள் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. அந்த அப்பா அவர்கள் இருவரிடமும்தான் இருக்கிறார். ஒருவர் ஒரு கதையைத் தொடங்க மற்றவர் முடித்தால்தான் அவர் முழுதாக வருவார். அவர்கள் பிரிந்தால் எனக்கு நீங்கள் இன்னொரு தரம் போன மாதிரி.

கடைக்குள் போனால் ஜன்னலோரம் சப்ரி, கதவோரம் இத்ரீஸ். இருவரும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்; தனித்தனியே வந்து, தனித்தனியே போனார்கள். நான் நடுக் கதிரையில் இருந்தேன். கதிரையின் ஒரு கால் ஆடுகிறது, அப்பா. இத்தனை நாளும் நீங்கள் அதில் எப்படி இருந்தீர்கள்?

ஆட்டம் தொடங்கியது. எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. விளையாடுபவர்கள் கேட்டுக் கேள்வியில்லாமல் வெளியே ஓடுகிறார்கள், வேறு ஆள் உள்ளே ஓடி வருகிறார். கலியாண வீட்டுக் குசினி போல ஒரே போக்குவரத்து. பந்து வெளியே போனால் மணிக்கூடும் நிற்கிறது.

"ஏன் நாதியா மணிக்கூடு நிக்குது? பழுதோ?" என்று கேட்டேன்.

ஜன்னலிலிருந்து சப்ரி சொன்னார்: "பழுதில்லை, பிள்ளை. இதில பந்து ஓடேக்கதான் நேரமும் ஓடும்."

"அதாலதான் ஆரும் காலைப் பிடிச்சுக்கொண்டு படுத்து நேரத்தைக் கடத்தேலாது" என்றார் கதவிலிருந்து இத்ரீஸ். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சொன்னது ஜன்னலுக்கு.

சப்ரியின் முகம் சிவந்துவிட்டது. ஏதாவது சொல்லி மறிக்கவேண்டும், என்ன சொல்வது? நல்லவேளையாக அந்த நேரம் திரையில் ஒரு மொரோக்கோக்காரர் எகிப்துக்காரர் ஒருவரை இடித்து விழுத்தினார். நடுவர் பவுல் என்று ஊதினார். எல்லோரும் விலகி நிற்க, ஒருவர் மட்டும் பந்தை வைத்துக்கொண்டு கோல்காப்பாளருக்கு முன்னால் நின்றார். நான் வாயில் வந்ததைக் கேட்டேன்.

"ஏன் எல்லாரும் விலகி நிக்கினம்? முன்னால ஒருத்தரும் மறிக்கேல்லையே?"

இருவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு, அப்பா, உங்களிடம் சொல்ல ஓடோடி வந்தது இதைத்தான்: அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"இது ஆறாவது பவுல்" என்றார் இத்ரீஸ். "உன்ரை அப்பாவுக்கும் இது மட்டும் கடைசிவரைக்கும் விளங்கேல்லை."

"ஓம். ஒவ்வொரு போட்டியிலயும் கேப்பார்" என்றார் சப்ரி. "நல்ல மூளைசாலி. ஆனா இது மட்டும் மண்டைக்குள்ள போகாது."

ஆனால், அப்பா, ஆறாவது பவுல் என்றால் என்ன என்பதை என் வாழ்க்கையில் முதன்முதல் கேட்டதே உங்கள் வாயால்தான். எங்கள் சாப்பாட்டு மேசையில். உப்புக் குப்பிதான் கோல்காப்பாளர். நீங்கள் சோற்றுக் கோப்பைக்குக் குறுக்கே அப்பளத்தை நிமிர்த்திப் பிடித்து, "இதுதான் மறிச்சு நிக்கிற ஆக்கள்" என்றீர்கள். "ஒரு பாதி ஆட்டத்தில ஐஞ்சு பவுல் வரைக்கும் மறிக்கலாம். ஆறாவதுக்கு மறிக்கேலாது" என்று சொல்லி அப்பளத்தைக் கடித்துத் தின்றீர்கள். அம்மா ஒவ்வொரு வருசமும் கேட்பா, நீங்கள் ஒவ்வொரு வருசமும் அப்பளம் தின்பீர்கள். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாதி காதில் விழுந்தது, மிச்சம் விழவில்லை.

"அவருக்கு நல்லாத் தெரியும்" என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோசம், அப்பா. தங்களுக்குத் தெரிந்த ஒன்று உங்களுக்குத் தெரியாமல் போன சந்தோசம். அதை நான் எப்படிப் பறிப்பது?

"எனக்கும் விளங்கேல்லை" என்றேன். "சொல்லித் தாங்கோ."

சப்ரி கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் பிழையாகச் சொல்லிவிடுவார் என்ற பயத்தில் இத்ரீசும் இழுத்துக்கொண்டு வந்தார். மேசையில் சீனிப் பக்கெட்டுகளை அடுக்கினார்கள். பந்தை எங்கே வைப்பது என்பதில் பிடுங்குப்பட்டார்கள். ஒருவர் வைத்ததை மற்றவர் தள்ளி வைத்தார். நாதியா தேநீரைக் கொண்டு வந்து வைக்க இடமில்லாமல் தட்டத்தோடு நின்றுகொண்டே சிரித்தா. திரையில் அந்த அடி கோலானதா இல்லையா என்று நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை.

கடைசி நிமிடங்களில் எகிப்து ஒரு கோல் பின்னால். திடீரென்று அவர்கள் கோல்காப்பாளரை வெளியே எடுத்துவிட்டு, அடிக்கிற ஆள் ஒருவரை உள்ளே விட்டார்கள். ஐந்து பேரும் முன்னால், பின்னால் கோல் வெறுமை. "ஐயோ, வீட்டைத் திறந்து போட்டிட்டு எங்க போயினம்?" என்று இந்த முறை உண்மையிலேயே தெரியாமல் கத்தினேன். சப்ரி இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு பந்து தவறியது. மொரோக்கோக்காரர் ஒருவர் தன் பாதியிலிருந்தே அடித்தார். பந்து ஆறுதலாக, அவசரமே இல்லாமல் உருண்டு வெறும் கோலுக்குள் போனது.

சப்ரி எழுந்து ஜாக்கெட்டை எடுத்தார். சரி, முடிந்தது என்று நினைத்தேன். இத்ரீஸ் கை தட்டவில்லை. தன்னுடைய அரபில் ஏதோ சொன்னார். சப்ரி ஜாக்கெட்டுக்குள் ஒரு கையை மட்டும் விட்டபடி நின்று, வேறு யாரையும் அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார்: "இவன் என்ன சொல்லுறான்?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் ஹவுன்ஸ்லோக்காரி" என்றேன்.

கடை முழுக்கச் சிரித்தது. உங்களிடமும் இப்படித்தான் கேட்பாராம். பிறகு இத்ரீஸ் அதையே எகிப்துப் படத்துப் பேச்சில், கையெல்லாம் ஆட்டி, இன்னொருதரம் சொன்னார். சப்ரி ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு இருந்தார். "நீ போனால் நான் ஆரோட சந்தோசப்படுறது, இரு" என்பதுதான் அது என்று நாதியா பிறகு காதுக்குள் சொன்னா. அதற்குப் பிறகு அவர்கள் உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். நீங்கள் ஒரு மேலாளரைப் போல நடந்து காட்டுவீர்களாம். அதை ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார்.

இப்போது என் கேள்வி. நீங்கள் பம்மாத்து விட்டீர்களா, அப்பா? வார்த்தை தடிக்கிற நேரம் பார்த்துத் தெரியாதது போலக் கேட்டீர்களா? அல்லது அந்த இருவருக்கும் நடுவில் இருந்தால் உங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஓடாதா? நாதியாவுக்கு இது தெரியுமா? கேட்டால் சொல்வாவோ என்னவோ.

வீட்டுக்கு வந்து குசினியில் நின்ற அம்மாவிடம் சொன்னேன். "அப்பாவுக்கு ஆறாவது பவுல் விளங்கவே இல்லையாம், அம்மா."

அம்மா சிரித்தா. நீங்கள் போன பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அவருக்கோ விளங்காதது? நல்ல கதை."

"அப்ப உங்களுக்கு விளங்கினதோ? நீங்களும் ஒவ்வொரு வருசமும் கேக்கிறனீங்கள்தானே?"

அம்மா அடுப்பைத் தணித்தா. "முதல் வருசமே விளங்கிட்டுது."

"பிறகேன் கேட்டனீங்கள்?"

"அந்த மனுசன் சொல்லேக்க முகத்தைப் பாக்கேல்லையோ நீ?" என்றா. நான் பார்க்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டா. "இனி ஆரிட்டை நான் கேக்கிறது, பிள்ளை?"

உங்களுக்கு இது தெரியுமா, அப்பா? நீங்கள் அங்கே தெரியாதவராய் இருந்துவிட்டு இங்கே வர, இங்கே அம்மா தெரியாத மாதிரி இருந்திருக்கிறா. தெரிந்திருந்தால் நீங்கள் எவ்வளவு சிரித்திருப்பீர்கள்!

அடுத்த போட்டிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன். உங்கள் கதிரை அவவுக்கு. ஆறாவது பவுலுக்கு நடுவர் ஊதும்போது அம்மா கேட்பா, இத்ரீசும் சப்ரியும் முண்டியடித்துக்கொண்டு சொல்வார்கள், நான் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அம்மாவுக்கு அது ஒருகாலமும் விளங்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

இப்படிக்கு,
உங்களிடம் கேட்பதை இன்னும் நிறுத்தாத,
உங்கள் சின்ன மகள் சுபா