கொட்டகையில் கேட்கும் குரல்

நவுவா ஆற்றங்கரைச் சினிமாக் கொட்டகைக்குள் மறுபடி கால் வைத்ததும் புது வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில், எத்தனை பூச்சுப் பூசினாலும் போகாத பழைய வெள்ளச் சேற்றின் வாடை. அந்த வாடையோடு நீ வந்துவிட்டாய். பேயாக அல்ல. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஊர் உன்னைப் பேயாக்கி வைத்திருக்கிறது.

வெகுநாள் பூட்டிக் கிடந்த கொட்டகையை ஊர்ச் சங்கத்துக்காரர்கள் செப்பனிட்டிருக்கிறார்கள். தகரக் கூரைக்குச் சிவப்பு வண்ணம், பெஞ்சு இருந்த இடத்தில் மெத்தை நாற்காலி. என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகத்தான் போனேன். வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்ட ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். திரைக்கு இடப்பக்கம் வந்ததும் அவள் நின்றாள், குரலைத் தாழ்த்தினாள். "இங்கதான் ஒருத்தர் தூக்குப் போட்டுக்கிட்டார். ஆளில்லாதப்போ இன்னும் அவர் பேசுறது கேட்கும்." அவள் சொன்னது ஹிந்தியில். நான் தமிழில்தான் எழுதுவேன், உனக்குத் தெரியும்.

அவள் கைகாட்டியது நீ நின்ற இடம்.

அந்தக் காலத்தில் தலைநகர் சுவாவிலிருந்து பஸ்ஸில் படப்பெட்டி வரும். மாதத்தில் ஒருமுறைதான் நமக்குத் தமிழ்ப் படம். நம் வயதுக்காரர்களுக்குப் புரிந்தது. இந்தத் தீவின் கரும்புத் தோட்டத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஹிந்தி பேசியே வளர்ந்த பிள்ளைகளுக்குப் புரியவில்லை. திரையில் யார் வாய் திறந்தாலும் "கா போலே? கா போலே?" என்று தாய்மாரைப் பிடுங்குவார்கள். 'என்ன சொல்றான்' என்ற அந்தக் கேள்விக்குத் தாய்மார் பதில் சொல்வதற்குள் அடுத்த காட்சி போய்விடும். ஒருநாள் நீ பெஞ்சை விட்டு எழுந்தாய். கையில் வறுத்த பட்டாணிப் பொட்டலத்தோடு திரை ஓரம் போய் நின்று, நடப்பதை ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்தாய். இருட்டில் உன் முகம் தெரியாது. குரல் மட்டும் கடைசி வரிசைவரை வரும். அன்றிலிருந்து தமிழ்ப் படம் என்றால் நீயும் அங்கே.

எனக்கு அது பிடிக்கவில்லை. சாமான் கட்டிவந்த தமிழ்ப் பத்திரிகைக் காகிதங்களை விரித்து வைத்து எழுத்துக் கூட்டித் தமிழ் படித்தவன் நான்.

"இப்படிச் சொல்லிக் குடுத்தா பிள்ளைங்க எப்படா தமிழ் கத்துக்கும்?" என்று ஆற்றங்கரையில் உன்னை மறித்துக் கேட்டேன்.

"அண்ணே, நீ பாஷையக் காப்பாத்து. நான் படத்தக் காப்பாத்துறேன்."

"படமே தமிழ்தானடா!"

"அதான் அதுக்கு ஆபத்து."

நீ சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று இந்த ஊரில் தமிழ் எழுத்தை வாசிக்க என்னை விட்டால் ஆளில்லை. நான் சொன்னதுதான் சரி. அதில் ஒரு அங்குலம் விட்டுக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் நீ எப்படிப்பட்டவன் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் தாயை இழந்த இரண்டு பிள்ளைகள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் தாய் செத்துப்போனாள். கொட்டகை முழுக்க அழுகிறது, உன் குரல் மட்டும் நின்றுவிட்டது. பிறகு கனைத்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா கப்பலேறி அடுத்த தீவுக்கு, லம்பாசாவுக்குப் போயிட்டாங்க."

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "அப்ப மகன் எதுக்குய்யா கொள்ளிச்சட்டி தூக்கிட்டுப் போறான்?"

"கப்பல்ல சமைக்க வேணாமா?"

அழுத முகங்களெல்லாம் சிரித்தன. அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவர்களைப் போன்றவர்கள் வளர்ந்து, தங்கள் பேரப்பிள்ளைகளிடம், கொட்டகை இருட்டில் திரை ஓரமாக ஒரு குரல் கேட்கும் என்று ஆசையாகச் சொன்னார்கள். கேட்ட பேரப்பிள்ளைகள் ஒரு கயிற்றைச் சேர்த்துக்கொண்டார்கள். உன் பேய் பிறந்த கதை இவ்வளவுதான்.

அது சிகடோகாவில் வாழும் உன் மகள் காதுவரை போய்விட்டது. எனக்கு போன் செய்தாள். "பெரியப்பா, நம்ப அப்பா கயித்துல தொங்கினாரா? ஆஸ்பத்திரியில நான்தானே பக்கத்துல இருந்தேன்? எம் பிள்ளைங்க கேக்குது, நான் என்னா சொல்றது?"

மறுநாளே மறுபடி கிளம்பிக் கொட்டகைக்குப் போனேன். அந்தப் பெண் வந்தவர்களிடம் குரலைத் தாழ்த்திய அதே இடத்தில் கைத்தடியைத் தரையில் தட்டி நிறுத்தினேன்.

"தூக்குமில்ல, கயிறுமில்ல. சர்க்கரை வியாதியில கட்டில்ல போன மனுஷன் அவன்."

அவள் என்னை ஓரமாக அழைத்துப் போனாள். கெட்டவள் இல்லை, ஆஜா என்று தாத்தா முறை வைத்துத்தான் பேசினாள். "ஆஜா, கோபப்படாதீங்க. பேய் இல்லேன்னா இங்க யாரு வருவாங்க?"

"அவன் உயிரோட இருந்தப்போ உட்கார இடமில்லாம ஜனம் நின்னுச்சு. பேயாவா வந்து கூட்டம் சேர்த்தான்?"

சங்கத்துச் செயலாளர் ஓடி வந்தார். நீண்ட வாக்குவாதம். தலைவர், பொருளாளர் என்று ஒவ்வொருவராக வந்து சமாதானம் பேசினார்கள். நான் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர்களே இறங்கி வந்தார்கள்: இனிப் பேய்க்கதை சொல்வதில்லை, நடந்ததை எழுதிக் கொடுத்தால் பலகையாகச் சுவரில் மாட்டுவோம். எழுதிக் கொடுத்தேன், தமிழில். அடியில் இங்கிலீஷும் ஹிந்தியும் போடலாமா என்றார்கள். முடியாது என்றேன். அவன் நின்று பேசியது தமிழ்ப் படத்துக்காக. அவன் பெயர் தமிழில் இருக்கட்டும்.

பலகை மாட்டிய அன்று உன் மகள் பஸ் ஏறி வந்தாள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. பலகைக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, எனக்கு வாசிக்கத் தெரியாதே. இதுல அப்பாவப் பத்தி என்னா எழுதியிருக்கு?"

தமிழில் வாசித்துக் காட்டினேன். அவளுக்குப் பாதி புரிந்தது, பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. அவர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிப் பார்க்க வந்தவர்களும் பின்னால் கூடிவிட்டார்கள். நான் பலகைக்குப் பக்கத்தில் தள்ளி நின்று, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடைசி ஆள்வரை கேட்கும்படி முதல் வரியிலிருந்து ஹிந்தியில் சொன்னேன். உன் மகள் பிள்ளைகளை முன்னால் தள்ளி நிறுத்தினாள்.

இப்போது சனிக்கிழமைதோறும் போகிறேன். வருகிறவர்களுக்கு வாசிக்கத் தெரியாதபோது யாராவது நின்று சொல்லத்தானே வேண்டும். நீ சிரிப்பாய். தாராளமாகச் சிரி. பலகை தமிழில்தான் இருக்கும்.