உறைந்த கால்வாயும் வான்கூவர் கணக்கும்

ஒட்டாவா,
ஜனவரி 9

மதிப்பிற்குரிய திரு. ஓகாடா அவர்களுக்கு,

நலம். எங்கள் ஊர்ப் போக்குவரத்தைப் பற்றி நீங்கள் எழுதி அனுப்பிய அறிக்கையை இரண்டு முறை படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, பாராட்டுகள். ஆனால் யார் காரில் போவார், யார் பஸ்ஸில் போவார், யார் நடப்பார் என்று வான்கூவரில் கண்டுபிடித்த கணக்கை அப்படியே தூக்கி எங்கள் ஊர்மேல் போர்த்தியிருக்கிறீர்கள். அதன்படி, கார் இல்லாத என் வயதுப் பெண் குளிர்காலத்தில் வீட்டைவிட்டு வெளியே வருவதே இல்லை. கால்வாயைக் கடக்க முடியாத தண்ணீர் என்று குறித்திருக்கிறீர்கள். ஐயா, ஜனவரியில் அதுதான் எங்கள் பெருவழி. சறுக்குக் காலணியைக் கட்டிக்கொண்டு உறைந்த கால்வாய்மேல்தான் நூலகத்துக்கும் தேவாலயப் பூசைக்கும் போகிறேன்.

பக்கத்து வீட்டு லலோண்ட் நேற்று வழிமறித்து, "எங்க கிளம்பிட்ட ஆக்னஸ்? நீ வீட்டுக்குள்ளதான் கிடக்கணும்னு வான்கூவர்ல முடிவு பண்ணியாச்சாமே" என்றாள்.

என் தங்கை மகளுக்கும் உங்கள் அண்ணன் மகனுக்கும் கோடையில் நடந்த திருமணத்தில், என்னை மணக்கக் கேட்டீர்கள். வசந்தத்தில் பதில் சொல்வதாகச் சொன்னேன். இப்போதே மறுத்துவிடலாமோ என்று தோன்றுகிறது. ஆண்களை அறிவேன். காரைவிட்டு இறங்க மாட்டீர்கள், குளிரைத் திட்டுவீர்கள், ஞாயிறு தவறாமல் மாட்டிறைச்சி ரோஸ்ட் கேட்பீர்கள். அந்த வாழ்க்கையை மறைந்த என் கணவர் கோர்மக்குடன் வாழ்ந்து முடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
திருமதி ஆக்னஸ் மல்விஹில்

வான்கூவர்,
ஜனவரி 21

அன்புள்ள திருமதி மல்விஹில்,

தவறு என்னுடையதுதான். இங்கே கடலும் ஆறும் உறைந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் பாதையாகும் என்று தோன்றவே இல்லை. என்னோடு வேலை பார்த்த பிலாரிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "ஊரையும் கோட்டை விட்டுட்டீங்க, அந்த அம்மாவையும் கோட்டை விடப்போறீங்க சார்" என்று சிரித்தாள்.

ஒரு நகரத்தின் கணக்கை இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அங்குள்ளவர்கள் சிலரையாவது கேட்டுத் திருத்த வேண்டும். நான் கேட்கவில்லை.

நீங்கள் மட்டும் கேட்டீர்களா? கோர்மக்கை வைத்துப் போட்ட கணக்கை என்மேல் போர்த்திவிட்டீர்கள். மனைவி இறந்த வருடமே காரை விற்றுவிட்டேன். மாட்டிறைச்சி உண்பதில்லை. குளிரைத் திட்டுவேனா என்பது எனக்கே தெரியாது. பிப்ரவரியில் வந்து பார்க்கட்டுமா? அண்ணன் மகன் வீட்டில் தங்கிக்கொள்வேன்.

தங்கள்,
வாரன் ஓகாடா

ஒட்டாவா,
பிப்ரவரி 22

அன்புள்ள வாரன்,

முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் ஒத்தடம் கொடுக்க வந்தபோது, "இன்னமும் ஐஸா, ஆக்னஸ்? போதுங்க" என்று கெஞ்சினீர்களே, அதை நினைத்து இன்று பூசையில் சிரித்துவிட்டேன். பாதிரியார் முறைத்தார்.

கால்வாய்மேல் சறுக்கி விழுந்தபோதெல்லாம் நீங்களும் சிரித்தீர்கள். கோர்மக் ஒருமுறை விழுந்துவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "அந்த மனுஷன் நின்னு வந்ததவிட உக்காந்து வந்ததுதான் அதிகம். ஆனாலும் பாதில திரும்பிப் போகல பாத்தியா" என்றாள் லலோண்ட். நானும் பார்த்தேன்.

என் கணக்கைத் திருத்திக்கொண்டேன். குளிரைத் திட்டுவீர்கள் என்பது மட்டும் சரி. நாகரிகமாகத்தான் திட்டினீர்கள்.

புதிதாக வாங்கிய சறுக்குக் காலணியை என் வாசலிலேயே விட்டுப் போயிருக்கிறீர்கள். மறதியா என்று கேட்கப்போவதில்லை. துடைத்து, என்னுடையதற்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டேன். தபாலில் அனுப்பும் எண்ணம் இல்லை.

வசந்தத்தில் பதில் சொல்வதாகச் சொன்னேன். அதற்குள் கால்வாய் உருகிவிடும். முன்னதாகவே வந்துவிடுங்கள்.

உங்கள்,
ஆக்னஸ்